குடிவழி நோயும் மணப்பேச்சும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசுவதாகக் குறித்திருந்த பொருள் ஒட்டக்கூத்தரின் வரலாறு. அதனை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்து, நோயைப் பற்றிப் பேச இசைவு தருமாறு காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொண்டவன் யானே. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பண்டிதனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆதலின் முதலிற் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையாருடன் பிறந்த அத்தையார் 1992-ஆம் ஆண்டில், தம் 38-ஆம் வயதில் காலமானார். யான் அப்போது பள்ளிச் சிறுவன். அவருக்கு வந்த நோய் மார்பகப் புற்று என்பதை வீட்டுப் பெரியவர் நால்வரோ ஐவரோ அறிவர். ஊருக்குச் சொன்னது வயிற்றுக் கட்டி என்று. அத்தையாருக்குப் பெண் மக்கள் மூவர். புற்று என்னும் சொல் வாயிற்படி தாண்டிற்றாயின் பெண் கேட்டு எவர் வருவார் என்று அஞ்சினர். அவ்வச்சத்தை யான் இகழேன்; அந்நாளில் யான் பெரியவனாயிருந்திருப்பின் யானும் அப்படியே செய்திருப்பேன். மூன்று பெண்களுக்கும் நல்லிடத்தில் மணம் நடந்தது.

2021-ஆம் ஆண்டில் மூத்தவள், தன் 41-ஆம் வயதில், மார்பில் ஒரு கட்டியைக் கண்டாள். நோவு இல்லாமையால் எட்டு மாதம் வாளாவிருந்தாள். பிறகு சென்னைக்கு அழைத்துச் சென்றோம். "உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் வந்ததுண்டா?" என்று வைத்தியர் வினவினார். "இல்லை" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை; அவளுக்குத் தெரியாது. உடனிருந்த என் தாயாருக்குத் தெரியும். அவர் தலை குனிந்தவாறு இருந்தார். அன்றிரவு ஊர் திரும்பிய பின்னரே என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். மறுநாள் யான் வைத்தியரிடம் தொலைபேசியில் அறிவித்தேன். அதன் பின்பே குருதியைச் சோதித்தார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த ஒரு பிழை அதில் வெளிப்பட்டது. மருத்துவம் முடிந்து அவள் இப்போது தன் வீட்டுக் காரியங்களைத் தானே பார்த்துவருகிறாள். அவளுடைய இசைவு பெற்றே இதனை இங்குச் சொல்கிறேன். மற்றைய இரு பெண்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தயைகூர்ந்து என்னைக் கேளாதிருக்க வேண்டுகிறேன்.

அன்பர்காள்! நம் ஊரில் நம் குடியிற் பிறந்த பேரறிஞர் அண்ணாவுக்குப் புற்றுநோய் வந்ததை நாடு முழுதும் அறிந்தது. 1968-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்துக்குச் சென்று உணவுக்குழலில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அந்நோயினால் அவர் புகழ் ஓர் எள்ளளவேனும் குறைந்ததா? காரைப்பேட்டையிலுள்ள அரசினர் புற்றுநோய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அம்மருத்துவமனையைத் தம் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், நம் வீட்டில் ஒருவருக்கு அந்நோய் வந்தால் அதன் பெயரையே வாயாற் சொல்ல நாணுகிறோம். இம்முரண்பாடு என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

இனி நோயின் இயல்பைப் பார்ப்போம். மரபணு என்பது யாது? இதனை விளக்க மேலைநாட்டு ஆசிரியர்கள் நூலகத்தையும் புத்தகத்தையும் உவமை கூறுவர். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. நம் தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியே போதும். இப்போது பல வீடுகளிற் கணினிப் பெட்டி வந்துவிட்டது. ஆயினும் துளையிட்ட அட்டையை அறியாதவர் இம்மண்டபத்தில் ஒருவரும் இரார். பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த ஏற்பாடு அது. அட்டையில் துளை உள்ளவிடத்துக் கொக்கி எழும், இல்லாதவிடத்து எழாது. எழுந்த இழைகளின் கீழே நாடா ஓடும். அன்னமோ, யாளியோ, மாங்காயோ, எல்லாம் துளையின் வரிசையில் அடங்கியிருக்கின்றன.

நம் உடலில் ஏறக்குறைய 37 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பர். சிலவகை நீங்கலாக, அவை ஒவ்வொன்றிலும் முழு அட்டைக் கட்டு இருக்கிறது. அதுவும் இரண்டு படியாக: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரு படியில் 300 கோடி எழுத்துக்கள். எழுத்தோ நான்கே வகை. அவற்றுள் உடலுக்கு வேண்டிய புரதங்களை நெய்யும் பகுதிகள், அதாவது மரபணுக்கள், சற்றேறக்குறைய 20,000.

இங்கே ஒரு வினா எழும். கண்ணின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் ஒரே கட்டு இருக்குமாயின், கண் ஏன் கண்ணாயிற்று, ஈரல் ஏன் ஈரலாயிற்று? புடவையின் உடலை நெய்யும்போது முந்தியின் அட்டைகள் ஓடுவதில்லையன்றோ? அதுபோலக் கண்ணில் ஓடும் அட்டைகள் வேறு, ஈரலில் ஓடும் அட்டைகள் வேறு. ஏனையவை மடித்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். எவ்வட்டை, எவ்விடத்தில், எத்தனை முறை ஓடுகிறது என்பதனையே மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். ஆளுக்கு ஆள் எழுத்தில் காணும் வேறுபாட்டை மரபணு மாறுபாடு என்கிறார்கள். எந்த ஒருவரை எடுத்துக்கொண்டாலும் ஒப்புநோக்கும் மூலப்படியினின்று அவர் 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபடுகிறார். அவற்றுட் பெரும்பாலன யாதொரு தீங்கும் செய்வன அல்ல. நிறமும் உயரமும் முகச்சாயலும் அவற்றாலும் வருவனவே.

புற்றுநோய் என்பது இவ்வட்டைகளிற் பழுது சேர்ந்து, ஓர் உயிரணு நிறுத்தமின்றிப் பெருகுதலாம். புற்று என்னும் நம் சொல் கறையான் புற்றுப்போல் மண்டி எழுவதைக் குறித்தது. கிரேக்கர் அதன் கால்பரப்பைக் கண்டு நண்டு என்று பெயரிட்டனர். இரண்டும் பொருத்தமே, நோயைக் கண்ணாற் கண்டு வைத்த பெயர்கள்.

பழுது வரும் வழி மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அட்டை கிழிந்துபோதல். புகையிலை, வயது, சில கிருமிகள், கதிர் முதலியவற்றால் ஓர் உறுப்பின் ஓர் உயிரணுவில் இது நிகழும். அப்பழுது அத்தறியோடு ஒழியும், பிள்ளைகளுக்குப் போகாது. நூறு புற்றுநோயில் தொண்ணூறும் அதற்கு மேலும் இவ்வகையே. இதனை அழுத்திச் சொல்கிறேன். இன்று என் பேச்சைக் கேட்டு வீட்டிற்குப் போய், தாத்தாவுக்குத் தொண்டையிற் புற்று வந்ததே, நமக்கும் வருமோ என்று எவரும் உறக்கம் இழக்க வேண்டா. தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியை நினைவு கூர்ந்தால் விடை அங்கேயே கிடைக்கும்.

மற்றொன்று, அட்டையிற் பிழையில்லை, ஆனால் அது அளவுக்கு மீறி ஓடுதல். மார்பகப் புற்றில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை ஹெர்-2 என்னும் மரபணு பல படிகளாகப் பெருகி, அதன் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் மிதமிஞ்சி நிற்கிறது. அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. மருத்துவமனைச் சீட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று குறி எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அக்கட்டியில் எந்த அட்டைகள் ஓடுகின்றன என்பதன் கணக்கே அது. அதனைப் பார்த்தே மருந்து தெரிந்தெடுக்கிறார்கள். ஆகையால் அச்சீட்டைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிறக்கும்போதே கட்டிற் பிழை இருத்தல். என் அத்தையார் குடும்பத்தில் வந்தது இது.

1990-ஆம் ஆண்டில் மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க அம்மையார், சில குடும்பங்களில் மார்பகப் புற்று தலைமுறை தலைமுறையாக வருவதற்குக் காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994-ல் அது முழுமையாகக் கண்டெடுக்கப்பட்டது. பி.ஆர்.சி.ஏ.1 என்று பெயர். பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மற்றொன்றும் அடுத்து வெளிப்பட்டது. இவை தீய மரபணுக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரிடத்தும் உள்ளவை, உள்ளே அறுந்த இழையைப் பிணைப்பதே இவற்றின் தொழில். தாய் வழியில் ஒரு பிணைப்பாளும் தந்தை வழியில் ஒரு பிணைப்பாளும் நமக்கு உண்டு. ஒருவன் பிறவியிலேயே கையற்றவனாயின் மற்றவன் வேலையைப் பார்த்துக்கொள்கிறான். நாளடைவில் ஏதோ ஓர் உயிரணுவில் அவனும் வீழ்ந்துவிட்டால், அறுந்த இழைகள் அறுந்தபடியே கிடக்கின்றன. பிழை மேற் பிழை சேர்ந்து புற்றாகிறது.

இப்பிழை உடைய பெண்மணிகளுள், 80 வயதுக்குள் நூற்றுக்கு 70 பேர் அளவில் மார்பகப் புற்று வருகிறதென்று 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி கூறுகிறது. கருப்பைப் பக்கத்துள்ள சூலகத்திற் புற்று வருதல், முதல் மரபணுவிற் பிழையானால் நூற்றுக்கு 44, இரண்டாவதானால் 17. இக்கணக்குப் பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களைக் கொண்டு எடுத்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆண்மக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது பெண்கள் நோய், பெண் வழி வருவது என்று நம்மவர் எண்ணுகிறார்கள். அன்று. தந்தையும் இப்பிழையைத் தாங்கி மகளுக்குக் கொடுக்கலாம். அவர் நோயின்றி எண்பது வயது வாழ்ந்தும் இருக்கலாம். பிழையுடைய ஒருவரின் ஒவ்வொரு மகவுக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. என் தந்தையார் அத்தையாரோடு உடன்பிறந்தவர். ஆதலின் யானும் சோதனை செய்துகொள்ள நேர்ந்தது. முடிவு வரும் வரை மூன்று வாரம் வகுப்பில் யான் நடத்திய பாடம் இன்னதென்று எனக்கே நினைவில்லை. என்னிடத்தில் அப்பிழை இல்லை என்று வந்தது. இருக்கிறதென்று வந்திருப்பின், மணப்பருவத்து மகளை வீட்டில் வைத்துக்கொண்டு இம்மேடையில் ஏறி இவ்வாறு பேசத் துணிந்திருப்பேனோ என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். விடை இன்னும் தெரியவில்லை. ஆகையால் வாய் மூடியிருப்பவரை யான் கோழையென்று சொல்லமாட்டேன்.

அழற்சி நோய்களையும் இங்கே தொட வேண்டும். அழல் என்றால் தீ. காயம் பட்டவிடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று, நோவெடுக்கும் இந்நான்கு குறிகளையும் உரோமாபுரி செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். காயம் ஆறியதும் தீ அணைய வேண்டும். அதற்கென ஓடிய அட்டைகள் நிற்க வேண்டும். சிலர்க்கு அவை நிற்பதில்லை. மூட்டுகளில் நிற்காதபோது முடக்குவாதம். குடலில் நிற்காதபோது குடல் அழற்சி. டி.என்.எப். என்னும் தூதுப்பொருள் ஓயாமல் உண்டாகிக்கொண்டிருப்பது இவற்றிற் பலவற்றுக்கு ஒரு காரணம். அதனைத் தடுக்கும் மருந்து 1998 முதற்கொண்டு வழக்கில் உள்ளது. அணையாத தீ நெடுநாள் எரிந்தவிடத்துப் புற்றும் எழலாமென்று ஜெர்மனி தேசத்து விர்ச்சோ 1863-லேயே கருதினார். நம் குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் கன்னத்தில் வெற்றிலை, பாக்கு, புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கமே இதற்கு நம் கண்முன் உள்ள சான்று. முதலில் வாய் எரியும், காரம் தாங்காது, பின் கன்னம் நாராகி வாய் திறப்பதே அரிதாகும், சிலர்க்கு அங்கேயே புற்று எழும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுக்கு ஏதுவென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியிருக்கிறது. பாக்கு மங்கலப் பொருளாயிற்றே என்பார் உளர். தாம்பூலத் தட்டில் அது மங்கலமாகவே இருக்கட்டும்.

இவ்விரு வகை நோய்க்கும் பொதுவான மருந்து ஒன்றைச் சொன்னால் மாறுபாட்டின் அருமை உங்களுக்குப் புலப்படும். குழந்தைகளின் குருதிப் புற்றுக்கு மெர்காப்டோபியூரின் கொடுக்கிறார்கள். குடல் அழற்சிக்கு அதன் இனமான அசத்தியோபிரின் கொடுக்கிறார்கள். சிலருக்கு வழக்கமான அளவே நஞ்சாகி, வெள்ளணுக்கள் வீழ்ந்து, தலைமயிர் கொத்தாக உதிரும். ஐரோப்பியரிடத்து இதற்குக் காரணமான மரபணு வேறு. அதனைச் சோதித்துப் பார்த்தால் நம்மவரிற் பலர்க்குப் பிழை ஒன்றும் இல்லையென்றே வரும். ஆயினும் மருந்து தாக்கும். 2014-ல் கொரியா நாட்டு வைத்தியர்கள் குடல் நோயாளிகளை ஆராய்ந்து, என்.யு.டி.டி.15 என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மாற்றமே காரணம் என்று கண்டார்கள். அம்மாற்றம் ஐரோப்பியரிடம் மிக அரிது. நம் நாட்டிலோ ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அதனைத் தாங்கியிருக்கிறார். முன்பே சோதித்து அளவைக் குறைத்துக் கொடுத்தால் இடரில்லை. பிறர் தேசத்தில் எழுதிய மருந்துக் கணக்கை எழுத்துக்கு எழுத்து நாம் பின்பற்றினால் வரும் தீங்கு இது. உங்கள் வீட்டில் எவருக்கேனும் இம்மருந்து எழுதினால் இச்சோதனையைப் பற்றி வைத்தியரிடம் வினவலாம். வினவுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இனிக் குலத்தைப் பற்றி. இது குலச் சங்கம்; இங்கே இதனைப் பேசாமற் போனால் வேறெங்குப் பேசுவது?

நம் நாட்டுக் குலங்களின் குருதியை ஆராய்ந்தவர்களுள் ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் நிலையத்தைச் சார்ந்த தங்கராஜ் அவர்களும் அமெரிக்க அறிஞர்களும் முதன்மையானவர்கள். 2013-ல் வெளியான அவர்கள் ஆராய்ச்சி, இந்நாட்டு மக்கள் 4,200 ஆண்டுகட்கு முன்பு முதல் 1,900 ஆண்டுகட்கு முன்பு வரை தம்முட் பரவலாகக் கலந்தனர் என்றும், அதன் பின்னரே தத்தம் கூட்டத்துக்குள் மணம் கொள்ளும் வழக்கம் இறுகிற்று என்றும் கூறுகிறது. குலத்தின் கலப்பின்மையைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். எல்லாக் குலத்தாரும் ஒரு காலத்திற் கலந்தவரே என்பதை அப்போது நினைவு கொள்வது நல்லது.

2017-ல் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். அவற்றுள் 81 கூட்டங்கள், சிறு தொகை முன்னோரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்து வந்தமையால், யூதரையும் பின்லாந்து மக்களையும் விட வலுவான ஒரே அச்சு உடையனவாகக் காணப்பட்டன. இதன் பொருள் யாது? ஒரு தெருவார் தங்களுக்குள்ளேயே அட்டைக் கட்டைப் படியெடுத்துக் கொடுத்து வாங்கினால், முதற்கட்டில் விழுந்த தவறான துளை அத்தெருவெங்கும் இருக்கும். அயல் தெருவில் இராது. அயல் தெருவார் கட்டில் வேறொரு தவறு இருக்கும். தவறில்லாத தெரு என்று ஒன்று இல்லை. வைசியப் பெருமக்களிடையே, அறுவை மருத்துவத்திற் கொடுக்கும் ஒருவகைத் தளர்த்தும் மருந்தைச் செரிக்கும் புரதக் குறைவு, பிறரைக் காட்டிலும் நூறு மடங்கு அளவில் மிகுந்து காணப்படுகிறது. அம்மருந்து கொடுத்தால் மூச்சு வெகுநேரம் திரும்பாது. இதனை அறிந்த மயக்க மருத்துவர்கள் முன்னரே கேட்டறிந்து வேறு மருந்து கொடுக்கிறார்கள். அறிந்தமையால் அச்சமூகத்தார்க்கு இழுக்கு வந்ததோ? உயிர் காக்கப்பட்டது.

யூதர்களிடத்து மூன்று குறிப்பிட்ட பி.ஆர்.சி.ஏ. பிழைகள் நாற்பதில் ஒருவருக்கு உண்டு. அவற்றுள் ஒன்று நம் தென்னாட்டுக் குடும்பங்களிலும் காணப்பட்டிருக்கிறது. யூதரிடமிருந்து வந்ததன்று, அவ்விந்தியக் குடும்பத்தில் தனியே தோன்றியது என்று 2007-ல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் நம் வழக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 மணங்கள் உறவுக்குள் நடந்தவை. இங்கே இரண்டு வகையைப் பிரித்துக் காண்டல் வேண்டும். சில நோய்கள், தாய் தந்த அட்டையும் தந்தை தந்த அட்டையும் இரண்டும் பழுதானால்தான் வரும். உறவில் மணந்தால் ஒரே பாட்டனாரின் பழுது இரு வழியாகவும் வந்து கூடும். விரல் மூட்டுகள் வீங்கிச் சிறுவர் நடை தளரும் நோய் ஒன்று உண்டு. வாத அழற்சியென்று கருதி ஆண்டுக்கணக்காக மருந்து கொடுப்பார்கள், பயன் இராது. அது அழற்சியே அன்று. குருத்தெலும்பைக் காக்கும் மரபணு ஒன்று இரு படியிலும் பழுதானது. உறவு மணத்திற் பிறந்த பிள்ளைகளிடம் அது மிகுதியாகக் காணப்படுகிறது. பி.ஆர்.சி.ஏ. பிழையோ அப்படியன்று, ஒரு படி பழுதானாலே போதும். உறவில் மணந்தாலும் அயலில் மணந்தாலும் இரண்டில் ஒன்று என்னும் கணக்கு மாறாது. ஆயினும் கணவன் மனைவி இருவரிடத்தும் பி.ஆர்.சி.ஏ.2 பிழை இருந்து, மகவுக்கு இரண்டும் சென்றால், எலும்பு மச்சை வற்றிக் குருதி ஊறாத ஃபான்கோனி என்னும் கொடுநோய் குழந்தைப் பருவத்திலேயே வரும். ஆகவே மறைத்து மணம் முடிப்பதில் இரு வீட்டார்க்கும் நட்டம் உண்டு.

மணப்பேச்சில் இதனை எப்படிச் சொல்வது என்பதே முடிச்சு. நியூயார்க்கில் வைதிக யூதர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்களுக்கும் பெரியோர் பார்த்து முடிக்கும் மணமே வழக்கம். அவர்களும் குடிப்பெயர் கெடுமென்று நம்மைப்போல் அஞ்சுகிறவர்களே. யோசேப் எக்ஸ்டைன் என்னும் மதகுரு டே-சாக்ஸ் என்னும் நோயினால் தம் பிள்ளைகள் நால்வரை இழந்தார். இருவழியும் பழுது கூடினால் வரும் நோய் அது. 1983-ல் அவர் தோர் எஷோரிம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களின் குருதியைச் சோதித்து ஓர் எண் கொடுப்பார்கள், பெயரில்லை. மணப்பேச்சு வரும்போது இரு எண்களையும் சொன்னால், பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ மட்டும் விடை வரும். எவரிடம் எது என்று வெளியார் அறியார். சாதகப் பொருத்தம் பார்க்கும் நமக்கு இது விளங்காத காரியம் அன்று. ஆனால் ஒரு படி பழுதானாலே வரும் புற்றுப் பிழைக்கு இவ்வழி பயன்படாது. அங்கே பொருத்தம் பார்த்துத் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, அறிந்து காப்பதற்கே உண்டு. பிழையுள்ள பெண்ணை 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. கருவியால் பார்த்து வருகிறார்கள். பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களை எடுத்துவிடுவதும் உண்டு. நோய் வந்தவர்க்கும், இப்பிழை உடையார்க்கென்றே ஒலாபாரிப் என்னும் மாத்திரை 2014 முதல் வழங்குகிறது. அறியாதவர்க்கு இவற்றில் ஒன்றும் கிட்டாது.

யார் சோதித்துக்கொள்ள வேண்டும்? எல்லோரும் அல்லர். 50 வயதுக்குள் மார்பகப் புற்று, எவ்வயதிலாயினும் சூலகப் புற்று, ஆண்மகனுக்கு மார்பகப் புற்று, 50 வயதுக்குள் பெருங்குடலிலோ கருப்பையிலோ புற்று: இவற்றுள் ஒன்று தாய்வழியிலோ தந்தைவழியிலோ நெருங்கிய உறவில் இருந்தால் வைத்தியரைக் கலந்துகொள்க. முதலில் நோய் வந்தவரைச் சோதிப்பதே முறை. அவரிடம் பிழை இன்னதென்று கண்டபின் மற்றவர்க்கு அவ்வொன்றைப் பார்ப்பது எளிது. அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திலும் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கெனப் பிரிவுகள் உள்ளன. அடையாற்று நிலையம் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்தது என்பதும், தம்முடன் பிறந்த தங்கை புற்றுநோயால் மடிந்த துயரமே அம்மையாரை அதிற் புகுத்தியது என்பதும் நீங்கள் அறிந்ததே. அவர் தங்கையின் நோயை மறைத்திருந்தால் அந்நிலையம் ஏது?

சங்கம் என்ன செய்யலாமென்று காரியதரிசியவர்கள் கேட்டார். ஒரு பதிவேடு வைத்து, எவ்வீட்டில் எந்நோய் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் ஓர் அன்பர். அதனை யான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். பதிவேடு என்று ஒன்று சங்கத்தில் இருந்தால், தரகர் கையில் அது அகப்பட ஒரு மாதம் போதும். யான் வேண்டுவது வேறு. நான்கு பக்கம் உள்ள சிறு ஏடு ஒன்றைச் சங்கம் அச்சிட்டு வீடுதோறும் வெறுமையாகக் கொடுக்கட்டும். தாய்வழி மூன்று தலைமுறை, தந்தைவழி மூன்று தலைமுறை; ஒவ்வொருவர்க்கும் வந்த நோய், வந்த வயது. அவ்வளவே. எழுதியதைச் சங்கம் திரும்பக் கேட்கலாகாது. சாதகக் கட்டோடு பெட்டியில் இருக்கட்டும். மணமாகிப் போகும் பெண் ஒரு படி எடுத்துச் செல்லட்டும். வைத்தியர் வினவும் நாளில் "இல்லை" என்னும் சொல் அறியாமையால் வராதிருக்கும்.

என் வீட்டு ஏட்டைச் சென்ற வாரம் எழுதத் தொடங்கினேன். என் தாயார் சொல்லச் சொல்ல எழுதினேன். அத்தையாரின் பெயர், மார்பகப் புற்று, வயது 38. அதற்கு மேல்வரி அத்தையாரைப் பெற்ற என் பாட்டியார். அவர் என் தாயார் மருமகளாய் வருமுன்பே, 47 வயதில், காலமானவர். என்ன நோய் என்று கேட்டேன். வயிற்றுக் கட்டி என்று மாமனார் சொல்லக் கேட்டதுண்டு என்றார். மெய்யாகவே வயிற்றுக் கட்டியா, அன்றி அத்தையாருக்குச் சொன்னது போன்ற வயிற்றுக் கட்டியா என்று கேட்டேன். என் தாயாருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இப்போது ஒருவரும் இல்லை. அவ்வரியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.